9 லட்சத்துக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வேலூரில் ஓட்ட எது ஜாலி?

பாலாற்றங்கரை, காட்பாடி:

வணக்கம் மக்களே. வீட்டுக்கென்று ஒரு எர்டிகா இருக்கிறது. கல்யாணம் காட்சி, மாமியாரை சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, அரிசி மூட்டை எல்லாம் அதன் தலையில். இப்போது தேடுவது எனக்கே எனக்கான வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏலகிரி, இல்லாவிட்டால் ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர், எப்போதாவது பெங்களூரு. பட்ஜெட் 8 லட்சம், மீறினால் 9, அதுவும் பேர் மாற்றும் செலவு, டயர் எல்லாம் சேர்த்து. வேகம் வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அதைவிட முக்கியம், வளைவில் திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டியாக இருக்க வேண்டும். மேனுவல் கியர் என்றால் சந்தோஷம்.

இதுவரை கண்ணில் பட்டவை: 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது, 5 லட்சத்துச் சொச்சம் சொல்கிறார்கள். பலேனோ ஆர்எஸ் ஒன்று வாணியம்பாடியில். அபார்த் புன்டோ ஒன்று பெங்களூரில். கடைசியாக, சிரிக்காதீர்கள், ஒரு மெர்சிடிஸ் எஸ்எல்கே. ரெண்டே சீட்டு, கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும், பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. எதை எடுப்பது, எதை விடுவது?

மூணாவதுகியர், சத்துவாச்சாரி:

நண்பா, தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு. சாமி 1981இல் திரும்ப வந்துவிட்டார், அந்த இடம் காலி. கூரையில்லாத காரை வைத்து நிரப்பலாம் என்று பார்க்கிறீர்கள் போல.

விளையாட்டு இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் கூரையைத் திறந்து எத்தனை மணிக்கு ஓட்டுவீர்கள்? காலை ஆறரை வரைக்கும்தான். அந்தக் கூரை ஹைட்ராலிக்கில் வேலை செய்வது, பதினைந்து வருஷத்து ரப்பர் சீல்கள் உள்ளே இருக்கும், அதில் ஒன்று கசிந்தால் பாதி திறந்த கூரையோடு பெங்களூருக்கு டிரக்கில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். அதோடு தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி. வேகத்தடை விதிப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உங்கள் காந்தி நகர் குறுக்குத் தெருக்களில் இருப்பதை யாராவது அந்த அளவில் கட்டினார்களா என்று போய்ப் பாருங்கள். எஸ்எல்கே அவ்வளவு கெட்ட வண்டி இல்லை. ஆனால் வாங்குகிற விலை வாசற்படிதான், உள்ளே போனால்தான் வீடு எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

ராணிப்பேட்டைஸ்பானர், ராணிப்பேட்டை:

தொழில்காரனாகச் சொல்கிறேன். எஸ்எல்கே பற்றி அண்ணன் சொன்னது போதும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், அதாவது குதிரை சக்தி, 175 நியூட்டன் மீட்டர் இழுவை, டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சினில் எனக்குப் பெரிய குறை கிடையாது. பயமெல்லாம் அந்தக் கியர்பாக்ஸில். உள்ளே இருக்கும் இரண்டு கிளட்சும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். நெடுஞ்சாலையில் ஒன்றும் ஆகாது. சிஎம்சி வாசலிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆமை மாதிரி நகர்த்திப் பாருங்கள், அப்போது அரை கிளட்சிலேயே ஓடிக்கொண்டிருக்கும், சூடு ஏறும், தேயும். கிளட்ச் ஒரு செலவு, அதைக் கட்டுப்படுத்தும் மெகாட்ரானிக் யூனிட் வேறு செலவு. ரெண்டும் ஒன்றாகப் போனால் ஒரு லட்சத்தில் நிற்காது.

பார்க்கப் போனால் இப்படிச் செய்யுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும், குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிய பிறகு லேசான மேட்டில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முன்னால் நகர விடுங்கள். உதறுகிறதா? ரிவர்ஸில் அதே மாதிரி. ஒன்றிலிருந்து இரண்டாம் கியர் மாறும்போது 'டக்' என்று இடிக்கிறதா? மீட்டரில் கியர் எழுத்துகள் மினுக்குகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த வண்டியில் இந்தச் சோதனை எல்லாம் பாஸ் ஆகிவிடும், விற்பவர்களுக்கும் அது தெரியும்.

உங்களுக்குச் சரியான போலோ வேறு. 2020இலிருந்து வந்த 1.0 டிஎஸ்ஐ, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ், அதே 175 இழுவை, ஆறு கியர் மேனுவல். ஜிடி பேட்ஜ் அதில் ஆட்டோமேட்டிக்குக்குத்தான் கொடுத்தார்கள், அதனால் மேனுவலைத் தேடும்போது ஜிடி என்று தேடினால் கிடைக்காது, ஹைலைன் பிளஸ் என்று தேட வேண்டும். பேட்ஜ் இல்லாததால் சிலர் சாதாரண போலோ விலைக்கே போட்டிருப்பார்கள். 2022இல் போலோவையே நிறுத்திவிட்டதால் நல்ல வண்டி விலை இறங்கவும் மாட்டேன் என்கிறது.

தேள்பேட்ஜ், ஆம்பூர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என்னிடம் அபார்த் புன்டோ இருக்கிறது, அதனால் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

2015 அக்டோபரில் 10 லட்சத்துக்குக் கீழே 145 குதிரை கொடுத்தான் ஃபியட். அந்த விலைக்கு அவ்வளவு சக்தி அதற்கு முன்னால் யாரும் தரவில்லை. 1.4 டி-ஜெட், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். அந்த ஸ்டீயரிங்குக்காகத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது வரும் எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் சக்கரம் கல்லில் ஏறுகிறதா மணலில் போகிறதா என்று ஒன்றுமே தெரியாது. இதில் ரோட்டில் தார் மாறினால்கூட உள்ளங்கைக்குத் தெரியும். 3000 ஆர்பிஎம் தாண்டினால் முதுகை சீட்டோடு அழுத்தும், அதற்குக் கீழே தூங்குகிற வண்டி, டவுனில் பொறுமை வேண்டும்.

இப்போது கெட்ட செய்தி. ஃபியட் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். பொதுவான புன்டோ பாகங்கள் எப்படியாவது கிடைக்கும். அபார்த்துக்கு மட்டும் உள்ளது என்றால் காத்திருக்க வேண்டும், வாரக்கணக்கில். பம்பர் மூலை உடைந்தால் பழைய வண்டி பிரிக்கிற இடமாகத் தேடி அலைய வேண்டும். இரண்டாவது வண்டியாக வைத்திருப்பவருக்கு அது பரவாயில்லை. உங்களிடம் எர்டிகா இருப்பதால் சொல்கிறேன், பெங்களூரு வண்டியைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, எந்த வண்டி பார்த்தாலும் ஸ்டீயரிங் தோலைப் பாருங்கள். நாங்கள் தோல் தொழில்காரர்கள், மீட்டரைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. அசல் தோல் என்றால் கை பிடிக்கும் இடத்தில் மேல்பரப்பின் புள்ளிகள் அமுங்கி, வழவழவென்று மினுமினுக்க ஆரம்பிக்கும். 30,000 கி.மீ. ஓடிய வண்டியில் அது லேசாகத்தான் இருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே பளபளப்பு என்றால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறான். வெள்ளைத் துணியை லேசாக ஈரமாக்கி அழுத்தித் துடையுங்கள். கறுப்புச் சாயம் துணியில் ஒட்டினால் விற்பதற்காகப் புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார்கள். டிரைவர் சீட்டின் வலது ஓரத்தையும் பாருங்கள், ஏறி இறங்கும்போது உராயும் இடம், அதில் யாரும் பொய் சொல்ல முடியாது.

ஓஎம்ஆர்பயணி, சென்னை:

எல்லோரும் சின்ன வண்டியையே சொல்கிறீர்கள். 9 லட்சம் கையில் இருந்தால் நான் ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ தேடுவேன். 160 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல். அதிலேயே விஆர்எஸ் மாடல் கிடைத்தால் யோகம். எஞ்சின் அதேதான், சஸ்பென்ஷனும் தோற்றமும் கூடுதல். வாலாஜாவிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஆறு வழிச் சாலை போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் பலேனோவில் போய் என்ன சாதிக்கப் போகிறீர்கள்? 120இல் போகும்போது கதவு தகரம் மாதிரி நடுங்கும் வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் என்று பேர் வைத்தால் ஆயிற்றா?

மூணாவதுகியர், சத்துவாச்சாரி:

அண்ணா, ஆறு வழிச் சாலையில் நேராகப் போவதற்கு அவர் எர்டிகாவே போதும். அவர் கேட்டது வளைவு.

ஓஎம்ஆர்பயணி, சென்னை:

வளைவிலும் லாரா போகும் தம்பி.

பொன்னேரிஅடிவாரம், ஏலகிரி:

நான் தினமும் மேலே போய்க் கீழே வருகிற ஆள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பேர் வைத்தவை. ஒவ்வொன்றிலும் வேகம் 20, 25க்கு இறங்கும். அங்கே 230 குதிரை இருந்தாலும் 100 குதிரை இருந்தாலும் வளைவுக்குள் பயன்படுவது ஒன்றுதான்: முன் சக்கரம் பிடிக்கிறதா, வண்டி எடை உங்களை வெளியே தள்ளுகிறதா. வளைவு முடிந்து அடுத்த வளைவு வரைக்கும் கொஞ்ச தூரம்தான். லாரா மாதிரி வண்டியில் இரண்டாம் கியரை முழுதாக இழுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிரேக்கை மிதிக்க வேண்டும். 100 குதிரை உள்ள லேசான வண்டியில் அதே இடத்தில் கியரைக் கடைசிவரை இழுக்கலாம், மூன்றாவது போடலாம், திரும்ப இறக்கலாம். கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது. ஜாலி என்று நான் நினைப்பது அதைத்தான். வண்டியால் முடிந்ததில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாத இடத்தில் மீதிப் பாதிக்கு எதற்குக் காசு?

பலேனோ ஆர்எஸ்ஸின் எடை 950 கிலோ. 1.0 பூஸ்டர்ஜெட் டர்போ எஞ்சின், 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல், பின்னாலும் டிஸ்க். 2017 மார்ச்சில் வந்து 2020இல் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் போய்விட்டது. குறையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் லேசு, ஆம்பூர் பாய் சொன்ன மாதிரி உள்ளங்கைக்கு ஒன்றும் சொல்லாது. சஸ்பென்ஷன் சாதாரண பலேனோவைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம். வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி வசதி கிடையாது, மழை நாளில் வளைவில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து பட்டென்று எடுக்கக் கூடாது. ஆனால் எஞ்சின் கனமே இல்லாமல் இருப்பதால் மூக்கை எங்கே காட்டச் சொல்கிறீர்களோ அங்கே காட்டும்.

ஞாயிறு எட்டரை மணிக்கு மேல் மலைக்கு வராதீர்கள், டூரிஸ்ட் வேனும் குரங்குக்கு பிஸ்கட் போட நிறுத்தின காரும்தான் இருக்கும். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அது சட்டம். இறங்குகிற பாதிப் பேருக்குத் தெரியாது. அரசு பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அது டிரைவர் தப்பில்லை, நீங்கள் ஹாரன் அடித்து நின்று கொள்ளுங்கள். மலை ரோட்டில் நேரம் பார்த்து ஓட்டுகிற புத்தி யாருக்காவது இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போங்கள், வேலூரிலிருந்து 100 கி.மீ. சுமார்தான், 3.7 கி.மீ. சுற்று, எதிரில் பஸ் வராது.

கோவைகாத்து, வேலூர்:

பிழைப்புக்கு வேலூர் வந்த கோயம்புத்தூர்க்காரன். ஊர்ப் பாசத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டியாகோ ஜேடிபி என்று ஒரு வண்டி வந்ததே, யாருமே நினைக்கவில்லையே? எங்கள் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து செய்தது, 2018 அக்டோபரில் 6.39 லட்சத்துக்கு வந்தது. 1.2 டர்போ, 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கி, ஸ்டீயரிங்கையும் திருத்தி, கம்பெனியே கொடுத்த வண்டி. கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் சாதாரண டியாகோவுடையது, எந்தத் தெருவிலும் கிடைக்கும். கிடைக்காதது பம்பர், பானெட் மாதிரி ஜேடிபிக்கென்றே செய்தவை. விற்ற எண்ணிக்கை குறைவு என்பதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பலேனோ ஆர்எஸ்ஸோடு ஒப்பிட்டால் உள்ளே சத்தம் அதிகம், சவாரி கொஞ்சம் முரடு, ஆனால் சிரிப்பு வரும்.

ராணிப்பேட்டைஸ்பானர், ராணிப்பேட்டை:

ஜேடிபி நல்ல வண்டிதான். கிளட்ச் மட்டும் பாருங்கள், சின்னப் பையன்கள் கையில் இருந்திருந்தால் சிக்னலுக்குச் சிக்னல் கிளப்பித் தேய்த்திருப்பார்கள். எந்த டர்போ வண்டியானாலும் ஆயில் மாற்றிய பில் இல்லையென்றால் வேண்டாம். பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள், நீலப் புகை வந்தால் டர்போ சீல் போயிருக்கலாம். சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து பிறகு பழையபடி மாற்றி விற்பவர்களும் உண்டு, ஏர் ஃபில்டர் பாக்ஸ் ஸ்குரூக்களின் தலையில் ஸ்டார் வெட்டு அழிந்திருந்தால் ஏன் அடிக்கடி கழற்றினீர்கள் என்று கேளுங்கள்.

பழையஇரும்பு, குடியாத்தம்:

டர்போவே எதற்கு? ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், ஹைட்ராலிக் ஸ்டீயரிங், 101 குதிரை, நேரடியாக ஆக்ஸிலரேட்டருக்குப் பதில் சொல்லும். இல்லையென்றால் 2000களின் ஆரம்பத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக். அந்த எஞ்சின் மேலே போகப் போக வருகிற சத்தத்துக்கு இன்றைய மூன்று சிலிண்டர் எல்லாம் தையல் மிஷின். மூன்று லட்சத்துக்குள் முடியும், மீதி ஐந்தை வண்டியின் மேலேயே போடலாம்.

மூணாவதுகியர், சத்துவாச்சாரி:

போடலாம் இல்லை பெரியவரே, போட வேண்டியிருக்கும். 15 வருஷம் தாண்டினால் ஆர்சி புதுப்பிக்கக் கட்டணம், பசுமை வரி, எஃப்சி என்ற தகுதிச் சான்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ரசித்துச் செய்பவருக்கு அது பொழுதுபோக்கு. இவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும்.

பழையஇரும்பு, குடியாத்தம்:

என் சிட்டி இதுவரை கிளம்பாமல் இருந்ததில்லை. சொல்லிவிட்டேன்.

ஆர்டிஓவாசல், தொரப்பாடி:

பேப்பர் விஷயத்தை யாரும் தொடவில்லை. கர்நாடக வண்டி எடுப்பதென்றால் விலையை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். அங்கே பதிவு செய்த ஆர்டிஓவிலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 28. வங்கிக் கடன் இருந்திருந்தால் அது முடிந்ததாக வங்கிக் கடிதமும் படிவம் 35உம். பேர் மாற்ற 29, 30. பிறகு நம் ஊரில் தமிழ்நாட்டு வரி கட்டி டிஎன் 23 நம்பர் வாங்க வேண்டும். வரி வண்டியின் வயதையும் விலையையும் பொறுத்தது, கட்டாமல் கேஏ நம்பரிலேயே ஓட்டலாம் என்று தரகர்கள் சொல்வார்கள்; 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதைக் கேட்டு நடக்க வேண்டியது பெரும்பாலும் பழைய ஓனர்தான், அவர் உங்களுக்காக நடப்பாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகன் ஒரு டீலரிடம் எடுத்தான். பேர் வேண்டாம். சான்று பத்து நாளில் கையில் வரும் என்றார்கள், முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள், கடைசியில் பார்த்தால் வண்டி மேல் பழைய அபராதங்கள் பாக்கி, அதைக் கட்டாமல் சான்று நகரவில்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு அபராதம், கடன், இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். மொத்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சான்று வந்த பிறகுதான் தருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் சலுகை அவரோடு போய்விடும், அது வண்டியோடு வராது, அந்தக் கணக்கில் யாரும் ஏமாற வேண்டாம்.

டெல்லி வண்டி விலை குறைவாக இருக்கிறதே என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அங்கே டீசல் 10, பெட்ரோல் 15 வருஷம் என்று கட்டுப்பாடு போட்டதால்தான் அந்த விலை வந்தது. ஃபோட்டோவைப் பார்த்து எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை, காட்பாடி:

எல்லோருக்கும் நன்றி. எஸ்எல்கே படத்தை ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன், வீட்டம்மாவுக்கு நிம்மதி. ஐ20 என் லைன் எப்படி என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கிளட்ச் பெடலோடு கூடிய மேனுவல் அதில் 2023இல்தான் வந்தது, அது இன்னும் என் பட்ஜெட்டுக்குள் இறங்கவில்லை.

சத்துவாச்சாரி ஜிடியைச் சூடாக்கி ஓட்டினேன். ஸ்பானர் அண்ணன் சொன்ன மேட்டுச் சோதனை, ரத்தினகிரி பக்கம் சர்வீஸ் ரோட்டில். முன்னால் ஒழுங்காக நகர்ந்தது, ரிவர்ஸில் வண்டி முழுக்க உதறியது. ஓனர் 'ஏசி போட்டிருப்பதால் அப்படி' என்றார். ஏசியை அணைத்தேன், உதறல் அணையவில்லை.

பெங்களூரில் 2021 போலோ மேனுவல் ஒன்று, 46,000 கி.மீ., கேட்பது 8.4 லட்சம். ஓட்டினேன், ரொம்பப் பிடித்தது. கதவு சாத்தும் சத்தமே தனி, கியர் போடுவது வெண்ணெய். அபார்த்தையும் பார்த்தேன். பாய் சொன்ன ஈரத்துணி வைத்தியம் செய்ததும் துணி கறுப்பு. 41,000 என்று மீட்டர் சொன்னது, டிரைவர் சீட்டு ஓரம் பிய்ந்து தைத்திருந்தது. சர்வீஸ் புக் கேட்டேன், வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம்.

வாணியம்பாடி பலேனோ ஆர்எஸ், 2018, டிஎன் 83, ஒரே ஓனர், 38,000 கி.மீ., 5.7 சொல்கிறார். எல்லா பில்லும் ஃபைலில் வரிசையாக வைத்திருக்கிறார், பள்ளி வாத்தியார். ஸ்டீயரிங் தோலில் லேசான மினுமினுப்புதான். டயர் நாலும் வண்டியோடு வந்தவை, பக்கவாட்டில் 1118 என்று இருக்கிறது, 2018இன் பதினொன்றாவது வாரம், ரப்பர் கல்லாகிவிட்டது. முன் பம்பர் மறுபெயின்ட், அவரே சொன்னார், ஆட்டோ உரசியதாம். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை. ஸ்டெப்னி குழியில் துரு இல்லை.

போலோவா, பலேனோவா?

ஓஎம்ஆர்பயணி, சென்னை:

போலோ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உடம்பு, தரம், நெடுஞ்சாலையில் நிற்கும் நிலை, எல்லாமே ஒரு படி மேல். பலேனோவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆர்டிஓவாசல், தொரப்பாடி:

8.4ஓடு தமிழ்நாட்டு வரி, மறுபதிவு, இன்சூரன்ஸ், போக வரச் செலவு. 9க்குள் நிற்காது. பலேனோ தமிழ்நாட்டு வண்டி, நம்பர்கூட மாறாது, பேரும் விலாசமும் மாற்றினால் முடிந்தது.

பொன்னேரிஅடிவாரம், ஏலகிரி:

போலோ நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் போலோ வாங்கினால் கையில் ஒன்றும் இருக்காது. பலேனோவில் மூன்று லட்சம் மிச்சம். நாலு நல்ல டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், அலைன்மென்ட் எல்லாம் போட்டும் ரெண்டுக்கு மேல் மிஞ்சும், அதை வருஷம் முழுக்க பெட்ரோலாக எரிக்கலாம். கல்லான டயரோடு நீங்கள் ஓட்டிப் பார்த்த வண்டியும் புது டயரோடு ஓடப்போகும் வண்டியும் ஒன்றல்ல, சொல்லி வைக்கிறேன். டயரைக் காட்டி விலையையும் குறைக்கலாம். உதிரிபாகத்துக்கும் பயம் வேண்டாம், பூஸ்டர்ஜெட் குடும்ப எஞ்சின் 2023இல் மாருதியின் ஃபிராங்ஸ் காரில் திரும்ப வந்துவிட்டது, மாருதி மெக்கானிக்குகளுக்கு அது புதுசு இல்லை.

தேள்பேட்ஜ், ஆம்பூர்:

ஃபைலோடு வருகிற வாத்தியார் வண்டி கிடைக்கும்போது யோசிக்காதீர்கள் தம்பி. அபார்த் இல்லையே என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் நீங்கள் பார்த்தது சாயம் அடித்த அபார்த். நல்லது வந்தால் நானே சொல்கிறேன், அப்போது பலேனோவை விற்றுவிட்டு வாருங்கள்.

ராணிப்பேட்டைஸ்பானர், ராணிப்பேட்டை:

முன் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள், வரப்பு மாதிரி எழும்பியிருந்தால் டிஸ்க்கும் மாற்ற வேண்டும், அதையும் விலையில் பேசுங்கள். கிளட்ச் எங்கே பிடிக்கிறது? பெடல் மேலே வந்து கடைசியில் பிடித்தால் தேய்ந்திருக்கிறது.

பாலாற்றங்கரை, காட்பாடி:

பேசி முடித்தாச்சு. 5.35க்குத் தந்தார், டயரையும் டிஸ்க் வரப்பையும் காட்டினேன், வாத்தியார் விரலை வைத்துத் தானே பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். கிளட்ச் நடுவில் பிடிக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியாச்சு, இன்சூரன்ஸ் மாற்றக் கொடுத்தாச்சு. வண்டி சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, 'ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போவதாகச் சொன்னீர்களே, அது எப்போது வரும்?' என்றார்.

டயர் 195/55, 16 அங்குலம். அதே அளவில் போடலாமா, இல்லை 205 போடலாமா? கடைக்காரர் 205 போடச் சொல்கிறார்.

பொன்னேரிஅடிவாரம், ஏலகிரி:

195 போதும். அகலம் கூடினால் ஸ்டீயரிங் இன்னும் மந்தமாகும், 950 கிலோ வண்டிக்கு அவ்வளவு ரப்பர் எதற்கு? காசை அகலத்தில் போடாமல் நல்ல கிரிப் உள்ள டயரில் போடுங்கள். போட்டதும் முதல் 200 கி.மீ. அடக்கி ஓட்டுங்கள், புது டயரின் மேல் வழவழப்பு போகும்வரை வளைவில் விளையாட வேண்டாம். பிரேக் பேடும் புதுசென்றால் முதல் தடவை மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் பிடியிலேயே வாருங்கள்.

தேள்பேட்ஜ், ஆம்பூர்:

பழைய டயரை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், நாலுக்கும் ஏதாவது குறைக்கச் சொல்லுங்கள்.